கப்பலில் விட்டுவிட்டு வந்த சிரிப்பு

புருஷன் ஒருத்தியைப் பார்த்துச் சிரித்தால் அவளோடு சண்டை போடலாம். கப்பலில் ஏறுகிற அத்தனை பேரையும் பார்த்துச் சிரிப்பதே அவன் வேலையாக இருந்தால், யாரோடு போய்ச் சண்டை போடுவது?

ஐரினின் இந்தக் கேள்விக்கு மகள் அனிஷாவின் வயது. அவள் பிறந்த வருஷம்தான் இனிகோ சுற்றுலாக் கப்பலில் வேலைக்குப் போனான். பயணிகளின் அறையைக் கூட்டித் துடைப்பது, படுக்கை விரிப்பது, துண்டை யானையாகவும் குரங்காகவும் மடித்துக் கட்டிலில் உட்கார வைப்பது, 'நல்லாத் தூங்குனீங்களா' என்று பெயர் சொல்லிக் கேட்பது. அதுதான் வேலை. எட்டு மாதம் கடல், இரண்டு மாதம் சொந்த ஊரான மேட்டுப்பட்டி.

மேட்டுப்பட்டிக்கு வந்தால் அவனுக்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும். "ம்."

சாப்பிடுறீங்களா? ம். கரண்டு பில் கட்டணும். ம். அனிஷா கணக்குல தொண்ணூறு வாங்கியிருக்கா. ம்.

போன வாரம் கம்பெனியிலிருந்து வந்த சேதிதான் வீட்டுக்குள் புகைந்துகொண்டிருந்தது. திரும்ப வந்தால் சூப்பர்வைசர் பதவி. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் பதில் வேண்டும். இனிகோ முடிவை ஐரின் தலையில் கட்டிவிட்டான். "நீ என்ன சொல்றியோ அதான்."

ஐரின் சொல்ல வேண்டியதை ஏற்கெனவே தைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்துவிட்டாள். 'போக வேணாம்.' வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு லாட்ஜில் மேனேஜர் வேலை பேசியாகிவிட்டது. விருந்து முடிந்ததும் சாயந்தரம் சொல்வதாக எண்ணம்.

இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை. அனிஷா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மையும் இன்றுதான்.

காலையில் எழுந்து பின்கட்டுக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பந்தலுக்குப் பின்னால் பிரியாணி மாஸ்டர் அண்டாவை ஏற்றிக்கொண்டிருந்தார். அது எதிர்பார்த்ததுதான். அவருக்குப் பக்கத்தில் தனியாக ஒரு அடுப்பு. அதில் இனிகோ சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தான்.

"இது யாருக்குங்க?"

"மலர்விழி அம்மாவுக்கு. அவங்க கறி தொட மாட்டாங்க. முட்டைக்கோசும் சேராது, வயிறு உப்பிரும். சாம்பார்ல பெருங்காயம் தூக்கலா இருக்கணும். ரசத்துல தக்காளி கம்மியாப் போடணும்."

இந்த விடுமுறையில் இனிகோ வீட்டுக்குள் பேசிய ஆக நீளமான பேச்சு அதுதான்.

"எந்த மலர்விழி அம்மா?"

"போன தடவ கப்பல்ல வந்தவங்க. ஒட்டன்சத்திரம். காய்கறி மண்டி வச்சிருக்காங்க. இம்புட்டுப் பக்கத்துல இருந்துக்கிட்டுக் கூப்பிடாம இருக்க முடியுமா?"

"கூப்புடுங்க. நான் என்னத்தச் சொன்னேன்."

மாமியார் வியாகுலம்மாள் வெங்காயம் உரித்தபடியே முணுமுணுத்தாள். "எம் பிள்ள அடுப்படிக்குள்ள வந்து இன்னைக்குத்தான் ஆத்தா பாக்குறேன். எனக்கு ஒரு சுடுதண்ணி வச்சுக் குடுத்ததில்ல."

ஐரின் உள்ளே திரும்பினாள். அனிஷாவுக்குத் தலை பின்னப் போனாள். வெள்ளைக் கவுன் அவளே தைத்தது. ரவுண்டு ரோட்டில் அவள் வைத்திருக்கும் தையல் கடையில், மற்றவர்கள் துணியெல்லாம் முடிந்த பிறகு மிச்ச நேரத்தில் தைத்தது. அந்த வீட்டில் நல்லது எல்லாமே மிச்ச நேரத்தில்தான் நடந்தது.

பூசை முடிந்து திரும்பியபோது பந்தல் நிறைந்திருந்தது. தலையில் பூமுடியும் கையில் மெழுகுதிரியுமாக அனிஷா பெரியவர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றாள். அவர்கள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்து ஆசீர்வதித்தார்கள். இனிகோவும் வரைந்தான். வரைந்துவிட்டு வாசலைப் பார்த்தான்.

வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. டிக்கியிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்காயும் ஒரு மூட்டை சின்ன வெங்காயமும் இறங்கின. அதற்குப் பின்னால் ஒரு பெரியவரும், முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மாவும்.

"ஏனுங்க இனிகோ தம்பி, நல்லாருக்கறீங்களா?"

இனிகோ சிரித்தான்.

ஐரின் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் கண் சுருங்கியது. பிறகு இடது கன்னத்தில் குழி விழுந்தது. உடம்பு லேசாக முன்னால் சாய்ந்தது. அந்தக் குழி கல்யாண ஆல்பத்தில் இருக்கிறது. அது எப்போதோ தூர்ந்துபோய்விட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"வாங்கம்மா, வாங்கய்யா. வலது முட்டி இப்ப எப்பிடிம்மா இருக்கு? படி ஏறுறீங்களா?"

நாற்காலியை இழுத்துப் போட்டான். தோளில் கிடந்த துண்டால் துடைத்தான். "உக்காருங்கம்மா, கால் வலிக்கும்" என்றான். அப்படி ஒரு இதம். பேச்சு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. காற்றாடியை அவர்கள் பக்கம் திருப்பினான். அந்தக் காற்றாடி அதுவரை ஐரின் பக்கம் இருந்தது.

மலர்விழி அனிஷாவைப் பிடித்து மடியோடு சேர்த்துக்கொண்டாள். "உங்கொப்பா துண்டுல யானை செய்வாரே, செஞ்சு காட்டியிருக்காரா கண்ணு?"

அனிஷா விழித்தாள். "யானையா?"

"அட, செஞ்சு காட்டுங்க தம்பி."

கொடியில் காய்ந்த துண்டை எடுத்து வந்தான். இரண்டு பக்கமும் சுருட்டினான், மடக்கினான், இன்னொரு துண்டில் தலையும் தும்பிக்கையும் வந்தன. சுற்றியிருந்த பிள்ளைகள் கைதட்டின. அனிஷா மட்டும் கைதட்டவில்லை. யானையை வாங்கிக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரிக் கேட்டாள்.

"அப்பா, இம்புட்டு நாளா எனக்கு ஏன் செஞ்சு தரல?"

"மறந்துட்டேன் பாப்பா."

மறக்கிற காரியமா அது? தினம் பதினைந்து கட்டிலில் பதினைந்து யானை உட்கார வைக்கிறவன். ஐரினுக்கு வயிற்றில் எரிந்தது. இது பசி எரிச்சல் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

பந்தியில் மலர்விழியும் அவள் கணவர் கருப்பணனும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். எதிரே ஐரினும் மாமியாரும். கருப்பணன் பிரியாணியை ஒரு கை பார்த்துக்கொண்டே பேசினார்.

"கப்பலுங்கறது என்னுங்க? மெதக்கற லாட்ஜு. அதுக்கு இவ பண்ற அலம்பல் இருக்குதே... இனிகோ தம்பி இருந்தாத்தான் மறுபடி வருவேன்னு நிக்கறா."

"நெசந்தானுங்க" என்றாள் மலர்விழி. "மொதல்ல ஒருக்கா போனமே, அப்பவும் இதே கப்பலு. இதே ரூமு. அப்ப ரூம் பாத்த பையன் கதவத் தட்டறதே சண்டைக்கு வர்றாப்புல இருக்கும். எப்படா ஊரு வரும்னு இருந்துச்சு. ரெண்டாந்தடவை தம்பி இருந்தாரு, ஊருக்குத் திரும்பி வர மனசே இல்லீங்க. கடலா மாறிப் போச்சு? ஆளுதானுங்க மாறுனாரு."

"அடி இவளே, சிரிக்கறதுக்குத்தான் அவங்களுக்குச் சம்பளம்."

"அப்ப அந்தப் பையனுக்கு என்ன, மொறைக்கறதுக்கா சம்பளம் குடுத்தாங்க?"

பந்தியே சிரித்தது. கருப்பணனும் சிரித்துவிட்டார். ஐரின் மட்டும் அந்தப் பேச்சின் ஓரத்தில் மாட்டிக்கொண்டாள். சிரிப்பு சம்பளத்துக்கு என்றால், வீட்டில் அவளுக்குக் கிடைக்கிற 'ம்'தான் அசல் இனிகோ. சிரிப்பு அசல் என்றால், அசலைக் கடலில் கொட்டிவிட்டுக் கழுவிய பாத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறான். இரண்டில் எதை நம்பினாலும் நஷ்டம் அவளுக்குத்தான்.

அப்போதுதான் இனிகோ பிரியாணித் தட்டோடு வந்தான். பெரிய கறித்துண்டு ஒன்றை அவள் இலையில் வைத்தான்.

"நல்ல பீஸு. ஒனக்குன்னே எடுத்து வச்சேன்."

ஐரின் இலையைப் பார்த்தாள். போன வருஷம் அனிஷா டெங்குவில் கிடந்தபோது, பிள்ளை எழுந்து நடந்தால் இனிக் கறி தொடுவதில்லை என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டவள் அவள். அன்றைக்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதுகொண்டே போனில் அவனிடம் சொன்னாள். அவன் 'ம்' என்றான்.

துண்டை எடுத்து மாமியார் இலையில் வைத்தாள்.

"ஏலே இனிகோ," என்றாள் வியாகுலம்மாள், "அவ கறி திங்கிறத விட்டு வருசமாச்சே. ஒனக்குத் தெரியாது?"

இனிகோ முகம் செத்துப்போனது. "ஐயோ... சாரி ஐரின். மலர்விழி அம்மா சாம்பார் இருக்கு. கொண்டாரவா?"

"வேணாம். அது விருந்தாளிக்கு வச்சது."

வெறும் தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள். முட்டைக்கோஸ் யாருக்கு ஆகாது என்று தெரிந்த மனுஷனுக்கு, பெண்டாட்டி எதை விட்டாள் என்று தெரியவில்லை. இதை எந்தச் சாமியாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

சாப்பாட்டுக்குப் பிறகு மலர்விழி கால் நீட்டிச் செத்த நேரம் படுக்க இடம் கேட்டாள். ஐரின் தன் அறைக்குக் கூட்டிப்போனாள். தலையணை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தவளை அந்த அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"உன்னையப் பாக்கறதுக்குத்தான் கண்ணு வந்ததே."

"என்னையவா?"

"பின்ன? கப்பல்ல ரெண்டா நாளு அலை தூக்கிப் போட்டுச்சு. நான் வாந்தி எடுத்துக் கெடக்கறேன். மானம் போச்சு. உங்கூட்டுக்காரரு வந்து எல்லாத்தையும் தொடச்சுப்போட்டுச் சொன்னாரு, 'அம்மா, எம் பொண்டாட்டி ஐரின் என்னைய என்ன பண்ணுனா தெரியுமா'ன்னு. சிறுமலை பஸ்ஸுல வளைவுக்கு வளைவு அவரு வாந்தி எடுத்தாராமா. நீ எந்திரிச்சு நின்னு பஸ்ஸுக்கே கேக்கறாப்புல, 'எல்லாரும் பாத்துக்கங்க, அடுத்த மாசம் கப்பல் வேலைக்குப் போகப்போற ஆளு இவருதான்'னு சொன்னியாமா!"

ஐரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவும் முடியவில்லை. சொன்னாள்தான். கல்யாணமான புதுசு. கண்டக்டர் கூடச் சிரித்தார். மலைவாழைத் தார் வைத்திருந்த ஒரு அம்மா இவனுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தாள். அத்தனையும் அவளுக்கே மறந்துபோயிருந்தது.

"அவரா சொன்னாரு?"

"அது மட்டுமா? ஒரு டீச்சரம்மாவோட ஜாக்கெட்டுக்கு ரெண்டு கையையும் எடது கையாவே தச்சுப்போட்டு, 'இதுதான் இப்ப மாடலு'ன்னு சாதிச்சியாமா. எனக்கு வாந்தி நின்னதே உன்ற கதை கேட்டுத்தான். காலைல அவரு வந்தா நாங்க கேக்கறதே, 'இன்னிக்கு ஐரின் என்ன பண்ணுனா'ங்கறதுதான். எங்க வரிசையில இருந்த வெள்ளைக்காரங்களுக்கெல்லாம் நீ பழக்கம் கண்ணு."

ஐரின் ஜன்னல் வழியாகப் பந்தலைப் பார்த்தாள். இனிகோ கருப்பணனுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அப்படியானால் அவன் தனியாகப் போவதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு ஐரினைக் கூட்டிக்கொண்டுதான் போகிறான். வாய் ஓயாதவள், பஸ்ஸில் எழுந்து நின்று மானத்தை வாங்குகிறவள். அவளை வைத்துத்தான் அவன் முகம் அங்கே மலர்கிறது. அந்தக் கப்பலில் எத்தனை பேர் சந்தோஷமாக இறங்கிப்போனார்களோ, அத்தனை பேருக்கும் அவள் கையால் ஒரு வாய் கிடைத்திருக்கிறது.

அவளைப் பார்த்தும் ஐரினுக்குப் பொறாமையாக இருந்தது. தன் பெயரில் இருக்கிற ஒருத்தியிடமே பொறாமை. ஆனால் இந்தப் பொறாமை எரியவில்லை. கதகதப்பாக இருந்தது. அவளைத் திரும்ப வரவைத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. இன்றைக்கு 'போக வேணாம்' என்று சொல்லிவிட்டு, அந்த பஸ் கதையைத் தானே எடுத்துவிட வேண்டும். 'ம்' என்று எப்படிச் சொல்கிறான் பார்ப்போம்.

"நீங்க படுங்கம்மா. காப்பி கொண்டாரேன்" என்று எழுந்தாள்.

"காப்பி கெடக்குது. எனக்கு ஒண்ணு குடுக்கோணும் நீ."

"என்னம்மா?"

"அந்தப் பாட்ட ஒருக்கா பாடு கண்ணு."

"எந்தப் பாட்டு?"

"மாதா பாட்டுத்தான். வெடியால வெடியால போன்ல பாடுவியே. தம்பி எங்க ரூம் வாசல்ல நின்னு ஸ்பீக்கருல போட்டு, 'எம் பொண்டாட்டி பாடறா, கேளுங்கம்மா'ம்பாரு. நாங்க வேற சாமி கும்புடறவங்கதான். ஆனா அந்தக் கொரலு... இன்னும் காதுக்குள்ளயே கெடக்குது. என்னா கொரலு சாமி உனக்கு! நடுவுல ஒருக்கா நிறுத்தி, 'சாப்டீங்களா'ன்னு கேட்டியே, அது கூட ஞாபகம் இருக்குது."

ஐரின் நின்ற இடத்தில் நின்றாள்.

பள்ளிக்கூடத்தில் பாடகர் குழுவில் சிஸ்டர் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தி, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று சொல்லியிருக்கிறார். தாலாட்டுப் பாடினால் அனிஷா அழும். அவள் வாழ்நாளில் யாருக்கும் போனில் பாடியதில்லை.

"ஏங் கண்ணு, வெக்கமா?"

"இல்லம்மா." அவள் குரல் அவளுக்கே தெரியாத இடத்திலிருந்து வந்தது. "ரெண்டு நாளா தொண்டை கட்டியிருக்கு. இன்னொரு நா பாடுறேன்."

மலர்விழியின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். காப்பி போட்டாள். சர்க்கரை போட்டோமா என்பது நினைவில்லாமல் இன்னொரு தடவை போட்டாள்.

விருந்தாளிகள் கிளம்பியபோது இனிகோ கார்க் கதவைத் திறந்து பிடித்தான். ஐரின் நெற்றியில் கை வைத்து மலர்விழி சொன்னாள், "தம்பியக் கப்பலுக்கு அனுப்பி வை கண்ணு. நாங்க பன்னெண்டு பேரு தீவாளிக்கு டிக்கட் போடறோம்." கருப்பணன், "அவ புருசன், அவ முடிவு. நீ என்னத்துக்கு நடுவுல?" என்று அதட்டிக் கூட்டிப்போனார்.

கார் போன பிறகு தெரு மூலையில் தூசி அடங்கவே செத்த நேரம் ஆனது. இனிகோவின் கன்னக்குழி அதற்கு முன்பே அடங்கிவிட்டது. அவன் உள்ளே வந்து மோட்டார் போட்டான். தண்ணீர் நிறைந்ததும் நிறுத்தினான்.

பந்தல்காரர்கள் சாமியானாவை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். இரும்புக் கம்பி ஒவ்வொன்றாகக் கீழே விழுந்து சத்தம் போட்டது. வாசலில் அடுக்காமல் விட்ட ஒற்றை நாற்காலிக்குப் பக்கத்தில் ஐரின் நின்றாள். இனிகோ போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான்.

"ஆறு ஆகப்போகுது ஐரின். இருக்கவா, போகவா?"

காலையிலிருந்து மடித்து வைத்திருந்த இரண்டு வார்த்தை தொண்டை வரை வந்தது. அதை விழுங்கினாள்.

"மலர்விழி அம்மா என்னைய ஒரு பாட்டுப் பாடச் சொன்னாங்க."

"ம்."

"மாதா பாட்டாம். நான் தெனம் காலைல போன்ல ஒங்களுக்குப் பாடுறதாம்."

ஒரு கம்பி விழுந்தது. இனிகோ 'ம்' சொல்லவில்லை.

"எனக்குப் பாட வராதுங்க. அது ஒங்களுக்குத் தெரியும். நடுவுல நிறுத்தி, சாப்டீங்களான்னு கேட்டாளாமே. யாருங்க அவ?"

இனிகோ போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். நிமிர்ந்தான்.

முதலில் கண் சுருங்கியது. பிறகு இடது கன்னத்தில் குழி விழுந்தது. உடம்பு லேசாக முன்னால் சாய்ந்தது. அதே சிரிப்பு. பகல் முழுக்க அவள் அடுத்தவர்கள்மேல் எரிந்து எரிந்து ஏங்கிய சிரிப்பு. இப்போது அவள் ஒருத்திக்கே, முழுசாக.

"அட, அதக் கேக்குறியா? ஒண்ணுமில்லம்மா, சொல்றேன்" என்றான், வெண்ணெய் மாதிரி.

தோளிலிருந்து துண்டை எடுத்தான். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, ஒரு தடவை துடைத்தான்.

"உக்காரு ஐரின். கால் வலிக்கும்."

அவள் உட்காரவில்லை.